பெரிய மானிட்டர் வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் வேறு ஏதோ ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, நான் 43 அங்குல 4கே மானிட்டர் ஒன்றை வைத்துத்தான் எல்லா வேலையும் செய்கிறேன் என்று போகிறபோக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளே இந்த இதழின் பக்கங்களை நிரப்பிவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: மொழிபெயர்ப்பு என் தொழில். மூலம் ஒரு விண்டோ, மொழிபெயர்ப்பு ஒரு விண்டோ, அகராதி ஒன்று, கலைச்சொல் பட்டியல் ஒன்று. லேப்டாப் திரையில் மாற்றி மாற்றிப் பார்த்தே நாள் போய்விடுகிறது. 27 அங்குல 4கே மானிட்டர் வாங்கினால் நான்கும் ஒரே திரையில் வந்துவிடுமா? ஃபுல் எச்.டி.யைவிட நான்கு மடங்கு என்கிறார்களே?

பதில்: நான்கு மடங்கு என்பது பிக்சல் கணக்கு, அதாவது திரையில் உள்ள நுண்புள்ளிகளின் எண்ணிக்கை. ஃபுல் எச்.டி. திரையில் 1920 × 1080, அதாவது சுமார் 20 லட்சம் பிக்சல். 4கே திரையில் 3840 × 2160, சுமார் 83 லட்சம். கணக்கில் தப்பில்லை, ஆனால் உங்களுக்கு வேண்டியது பிக்சல் இல்லையே, இடம் அல்லவா? இரண்டும் ஒன்றில்லை என்பது பலருக்கு வாங்கி வந்து மேசையில் வைத்த பிறகுதான் புரிகிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

27 அங்குலத்துக்குள் 4கே என்றால் ஓர் அங்குலத்துக்கு 163 பிக்சல். ஸ்கேலிங், அதாவது எழுத்தையும் படத்தையும் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பு, எதுவும் வைக்காமல் 100 சதவீதத்தில் விட்டால் எழுத்துகள் அவ்வளவு பொடியாக இருக்கும், கண்ணை இடுக்கிக்கொண்டு படிக்க வேண்டும். ஆகவே எல்லோரும் செய்வதைப் போல 150 சதவீதம் வைப்பீர்கள். வைத்த அந்த நிமிடமே உங்கள் வேலைப் பரப்பு 2560 × 1440 ஆகிவிடுகிறது, ஃபுல் எச்.டி.யைவிட நான்கு மடங்கு எங்கே, இரண்டு மடங்குகூட இல்லை, 1.78 மடங்குதான். 200 சதவீதம் வைத்தால் பரப்பு மறுபடி 1920 × 1080-க்கே வந்துவிடும், எழுத்து மட்டும் அச்சடித்த புத்தகம் மாதிரி பளிச்சென்று இருக்கும். அதுவும் நல்ல விஷயம்தான், தமிழ் எழுத்தின் சுழிகளும் கொம்புகளும் சிறிய அளவிலும் கலங்காமல் தெரிவது நாள் முழுக்கத் தமிழ் படிப்பவருக்குப் பெரிய நிம்மதி. ஆனால் நீங்கள் கேட்டது அதை இல்லை.

நான்கு மடங்கு இடம் நிஜமாகவே கிடைப்பது 43 அங்குலத்தில். அங்கே அதே 83 லட்சம் பிக்சல் பெரிய பரப்பில் விரிந்திருப்பதால் அங்குலத்துக்கு 102 பிக்சல்தான் வரும், ஸ்கேலிங்கை 100-லேயே விட்டுவிட்டு வசதியாகப் படிக்கலாம். 21.5 அங்குல ஃபுல் எச்.டி. மானிட்டர் நான்கை நடுவில் சட்டமே இல்லாமல் ஒட்டவைத்தது போல. உங்கள் நான்கு விண்டோவும் ஆளுக்கொரு மூலையாக உட்கார்ந்துகொள்ளும், ஒவ்வொன்றும் முழு அளவில். இடைப்பட்டது 32 அங்குலம், அங்குலத்துக்கு 138 பிக்சல், 125 சதவீதம் வைத்தால் ஃபுல் எச்.டி.யைப் போல இரண்டரை மடங்கு இடம். மேசை குறுகலாக இருந்து திரை முகத்துக்கு 60 செ.மீ. தூரத்திலேயே நிற்க வேண்டியிருந்தால் 32 எடுங்கள், 80 செ.மீ. தள்ளி வைக்க முடியுமென்றால் 43. 27 உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: 24 அங்குலத்தில் இரண்டு மானிட்டர் வைத்திருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு ஒரே பெரிய திரைக்கு மாற வேண்டுமா?

பதில்: நன்றாக இருந்தால் எதற்கு மாற வேண்டும்? நானும் பல வருடம் இரண்டு வைத்திருந்தவன்தான். எனக்கு அதில் ஒத்துவராமல் போனது ஒன்றே ஒன்று: இரண்டையும் சமமாக வைத்தால் மூக்குக்கு நேரே வருவது சட்டம், வேலை அல்ல, ஒன்றை நேராக வைத்து இன்னொன்றைப் பக்கத்தில் வைத்தால் கழுத்து நாள் முழுக்க ஒரே பக்கம் திரும்பியிருக்கும். பெரிய ஒற்றைத் திரையில் நடு என்பது உண்மையிலேயே நடு. அப்புறம், அகலமான எக்செல் தாளையோ நீண்ட காலக்கோட்டையோ சட்டம் குறுக்கிடாமல் ஒரே வீச்சில் பார்க்கலாம்.

இரண்டு திரைக்கு உள்ள பலத்தையும் சொல்ல வேண்டும். ஒன்றைச் செங்குத்தாகத் திருப்பி வைத்துக்கொள்ளலாம், நீளமான ஆவணமோ நிரலோ படிக்க அதைப் போல ஒன்றில்லை. ஒன்று பழுதானால் இன்னொன்றில் வேலை ஓடும். ஒன்றில் முழுத்திரை வீடியோவை வைத்துவிட்டு மற்றதில் குறிப்பெடுப்பதும் சுலபம். எம்1, எம்2 சிப் உள்ள ஆப்பிள் மேக்புக் ஏர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கேள்வியே வேறு, அவை வெளி மானிட்டர் ஒன்றைத்தான் நேரடியாக ஏற்கும், ஆகவே அந்த ஒன்றைப் பெரிதாக எடுப்பது நியாயம்.

கேள்வி: வீட்டில் 43 அங்குல 4கே டி.வி. சும்மா கிடக்கிறது. அதையே மானிட்டராக வைத்துக்கொண்டால் என்ன?

பதில்: வைத்துக்கொள்ளலாம், புதிதாக வாங்கும் முன் கட்டாயம் முயன்று பாருங்கள். ஆனால் கேபிளை மாட்டிய உடனே தெரிவதை வைத்து முடிவு கட்டாதீர்கள், டி.வி. படம் பார்க்கிறவருக்காகச் செய்யப்பட்டது, எழுத்து படிக்கிறவருக்காக அல்ல.

படத்துக்கு நிறம் துல்லியமாக வேண்டியதில்லை என்பதால் பல டி.வி.க்கள் வெளிச்சத்தை ஒவ்வொரு பிக்சலுக்கும் தனியாகவும், நிறத்தை நான்கு பிக்சலுக்குப் பொதுவாகவும் எடுத்துக்கொள்கின்றன. சினிமாவில் இது கண்ணுக்குத் தெரியாது. கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து வந்தால் ஓரமெல்லாம் ஈரத்தில் நனைந்த மை மாதிரி பரவியிருக்கும். டி.வி.யின் அமைப்புகளில் அந்த எச்.டி.எம்.ஐ. துளையின் பெயரை 'பி.சி.' என்று மாற்றினால் பல மாடல்களில் இது சரியாகிவிடும். கேம் மோடும் உதவும், மவுஸ் நகர்வுக்கும் திரைக்கும் நடுவே இருக்கும் தாமதம் குறையும். ஷார்ப்னெஸ்ஸைக் குறையுங்கள், இல்லாவிட்டால் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடும். ஓவர்ஸ்கேன் இருந்தால் அணைத்துவிடுங்கள், திரையின் விளிம்பில் டாஸ்க்பார் பாதி வெட்டுப்பட்டுத் தெரிவதற்குக் காரணம் அதுதான். இவ்வளவும் செய்தபின், வெள்ளைப் பக்கத்தில் சிறிய அளவில் சிவப்பு, நீலம், பச்சை எழுத்து அடித்துப் பாருங்கள். மூன்றும் கூர்மையாக இருந்தால் டி.வி. போதும். கலங்கலாக இருந்தால், கண்ணை வருத்திக்கொண்டு அதில் தினமும் எட்டு மணி நேரம் உட்காராதீர்கள்.

கேள்வி: புது 4கே மானிட்டர், ஆனால் மவுஸ் இழுத்துக்கொண்டு போகிறது. கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. திரை 30 ஹெர்ட்ஸில் ஓடுகிறது, அதாவது நொடிக்கு 30 தடவைதான் புதுப்பிக்கப்படுகிறது. விண்டோஸ் என்றால் டிஸ்ப்ளே அமைப்புகளில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பகுதிக்குப் போய்ப் பாருங்கள், எண் அங்கே இருக்கும்.

காரணம் வழியில் எங்காவது இருக்கும் பழைய கண்ணி. 2009-இல் வந்த எச்.டி.எம்.ஐ. இணைப்பின் 1.4 பதிப்பு முழு 4கே படத்தை 30 ஹெர்ட்ஸுக்கு மேல் கொண்டுபோகாது. 2013-இல் வந்த 2.0-வில்தான் 60 கிடைத்தது. டிஸ்ப்ளே போர்ட் என்ற இன்னொரு வகை இணைப்பில் 1.2 பதிப்பிலிருந்தே 60 உண்டு. லேப்டாப், கேபிள், மானிட்டர் மூன்றும் அந்தத் தரத்தில் இருக்க வேண்டும், ஒன்று பழையதானாலும் எல்லாம் 30-க்கு இறங்கிவிடும். யூ.எஸ்.பி.-சி ஹப் வழியாக இணைத்திருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான் வர வேண்டும், ஏனென்றால் பல ஹப்கள் கேபிளின் நான்கு தடங்களில் இரண்டைத் தரவுக்கு ஒதுக்கிவிட்டு மீதி இரண்டில்தான் படத்தை அனுப்புகின்றன. லேப்டாப்பில் யூ.எஸ்.பி.-சி துளை இருக்கிறது என்பதாலேயே அதில் படம் வரும் என்றும் நம்பாதீர்கள், சிலவற்றில் சார்ஜும் தரவும் மட்டுமே.

இந்தப் பிரச்சினை புதிதில்லை. 2001-இலேயே ஐ.பி.எம். நிறுவனம் டி220 என்று ஒரு மானிட்டர் கொண்டுவந்தது, 22 அங்குலத்தில் 3840 × 2400, 92 லட்சம் பிக்சல். அவ்வளவு பிக்சலைச் சுமக்க அன்றைய கேபிள் ஒன்றால் ஆகவில்லை, திரையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பல கேபிள் போட வேண்டியிருந்தது.

கேள்வி: எல்லோரும் சொல்கிறார்களே என்று பெரிய திரை வாங்கினேன். மெயில், சாட், பிரவுசர், அறிக்கை, காலண்டர், பாட்டு எல்லாம் திறந்தே இருக்கிறது. ஆனால் முன்பைவிட வேலை குறைவாகத்தான் முடிகிறது. ஏன்?

பதில்: வந்த கேள்விகளில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான், ஏனென்றால் இதே இடத்தில் நானும் மாட்டியிருக்கிறேன்.

பெரிய திரை வந்த முதல் மாதம் நானும் நீங்கள் சொல்கிற மாதிரியேதான் அடுக்கினேன். வலது மேல் மூலையில் மெயில், அதற்குக் கீழே சாட், நடுவில் எழுத வேண்டிய கட்டுரை. எல்லாம் கண் முன்னால் இருக்கிறது, எதையும் தவறவிட மாட்டேன் என்று நினைத்தேன். நடந்தது என்னவென்றால், மூலையில் ஏதாவது ஒன்று அசையும்போதெல்லாம் கண் அங்கே போனது, கண் போனால் மனசும் போனது, திரும்பி வந்து விட்ட வாக்கியத்தைத் தேட ஒரு நிமிடம். அந்த மாதம் ஒரு நாள் திருத்திய பிரதிக்குப் பதிலாகத் திருத்தாத பழைய பிரதியை அனுப்பிவிட்டேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து கிடந்தன, சாட்டில் யாரோ கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டே அனுப்பியதன் விளைவு.

இதற்கு ஆய்வு ரீதியான காரணமும் இருக்கிறது. ரூபின்ஸ்டீன், மேயர், எவன்ஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பணியிலிருந்து இன்னொரு பணிக்குத் தாவும் ஒவ்வொரு முறையும் மூளை புதிய பணியின் விதிகளை எடுத்துப் பழையதன் விதிகளை ஒதுக்க நேரம் செலவிடுகிறது என்றும், பணி சிக்கலாக ஆக அந்த நேரம் கூடுகிறது என்றும் காட்டினார்கள். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் இன்னொன்றைச் சொன்னார்: முந்தைய வேலையை முடிக்காமல் அடுத்ததற்குப் போனால் கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு பெரிய திரை வாங்கினாலும் இது மாறாது. தாவுவதற்கான தூண்டுதல்தான் அதிகமாகும்.

அப்படியானால் பெரிய திரையால் பயனே இல்லையா என்றால், இருக்கிறது, நிறையவே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவில் மேரி செர்வின்ஸ்கியும் அவருடைய சகாக்களும் 2003-இல், பல விண்டோக்களைச் சேர்த்துப் பார்த்துச் செய்ய வேண்டிய வேலைகளைச் சாதாரணத் திரையிலும் மிக அகலமான திரையிலும் கொடுத்துப் பார்த்தார்கள். அகலமான திரையில் வேகமாக முடித்தார்கள், அவர்களுக்குப் பிடித்தும் இருந்தது. இதுவும் முன்பு சொன்ன ஆய்வுகளும் முரண்படுவது போலத் தோன்றும், முரண்பாடில்லை. ஒரே வேலைக்குத் தேவையான நான்கு பொருள்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது வேறு, நான்கு வேலைகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது வேறு. தச்சர் ஒரு நாற்காலிக்கு வேண்டிய உளியையும் இழைப்புளியையும் அளவுகோலையும் ஒரே பலகையில் பரப்பி வைத்துக்கொள்வார், அதே பலகையில் இன்னொரு வீட்டுக் கதவையும் கொண்டுவந்து போட மாட்டார்.

ஆகவே இப்போது நான் செய்வது: திரையில் ஒரு சமயத்தில் ஒரு வேலை மட்டும். கட்டுரை என்றால் நடுவில் எழுதும் விண்டோ, இடதில் ஆதாரங்கள், வலதில் ஒல்லியாகக் குறிப்புகள். மெயிலும் சாட்டும் இந்தத் திரையில் இருக்கவே கூடாது, அவற்றை இன்னொரு விர்ச்சுவல் டெஸ்க்டாப்பில், அதாவது அதே மானிட்டரில் மாற்றி மாற்றிப் பார்க்கக்கூடிய தனி முகப்பில், தள்ளிவிடுங்கள். விண்டோஸில் விண்டோஸ் விசை, கண்ட்ரோல், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புதிய டெஸ்க்டாப் ஒன்று திறக்கும், டி-க்குப் பதில் அம்புக்குறி விசை அழுத்தினால் அங்கும் இங்கும் போகலாம். மேக்கில் மிஷன் கண்ட்ரோலில் இதே வசதி இருக்கிறது. மணிக்கு ஒரு தடவை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். திரையில் காலி இடம் இருந்தால் அதை நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, என் திரையில் பல நேரம் கால்வாசி வெறுமையாகத்தான் இருக்கும்.

கேள்வி: விண்டோக்களை இழுத்து இழுத்து அளவு சரிசெய்வதிலேயே நேரம் போகிறது. சுலபமான வழி?

பதில்: விண்டோஸ் 11 என்றால் விண்டோஸ் விசையுடன் இசட், அடுக்கு முறைகள் படமாக வரும், தேர்ந்தெடுத்தால் போதும். 43 அங்குலத்துக்கு அதுகூடப் போதாது என்பேன், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸில் ஃபேன்சிசோன்ஸ் என்று ஒன்று உண்டு, திரையை உங்கள் விருப்பப்படி கட்டம் போட்டு வைத்துக்கொண்டு, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி விண்டோவை இழுத்தால் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். மேக்கில் 2024-இல் வந்த செக்கோயா பதிப்பிலிருந்து ஓரளவு இது உள்ளேயே இருக்கிறது. லினக்ஸ்காரர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, ஐ3 மாதிரி விண்டோவைத் தானே அடுக்கிக்கொள்ளும் வசதிகளை அவர்கள் எப்போதோ பழகிவிட்டார்கள்.

கேள்வி: பெரிய திரை வந்ததிலிருந்து கழுத்து வலி, கண் எரிச்சல். எனக்கு வயது 52, புரோகிரசிவ் கண்ணாடி போட்டிருக்கிறேன்.

பதில்: கழுத்துக்குக் காரணம் அநேகமாக உயரம். 43 அங்குலத் திரையின் உயரமே 53 செ.மீ., அதைக் காலோடு மேசையில் நிறுத்தினால் மேல் விளிம்பு கண் மட்டத்தைத் தாண்டிப் போய்விடும். மேல் விளிம்பு கண் மட்டத்திலோ கொஞ்சம் கீழோ இருக்க வேண்டும் என்பது பொது விதி. உங்கள் கண்ணாடியில் கிட்டத்தில் உள்ளதைப் பார்ப்பதற்கான பகுதி கீழே இருப்பதால் திரையைத் தெளிவாகப் பார்க்க நீங்கள் அறியாமலேயே முகவாயைத் தூக்குகிறீர்கள், அதனால் மற்றவர்களைவிட உங்களுக்குத் திரை இன்னும் தாழ்வாக இருக்க வேண்டும். மானிட்டரின் காலைக் கழற்றிவிட்டு எடை தாங்கும் வேசா கையில், அதாவது மானிட்டரின் முதுகில் திருகிப் பொருத்தும் தாங்கியில், மாட்டினால் மேசைப் பலகையைத் தொடும் அளவுக்கு இறக்கலாம், மேல் பக்கத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக்கொள்ளலாம். அப்படியும் உயரமாக இருந்தால் திரையின் மேல் மூன்றில் ஒரு பங்கில் எப்போதாவது பார்ப்பதை மட்டும் வையுங்கள். கண் மருத்துவரிடம் கம்ப்யூட்டர் தூரத்துக்கு மட்டும் தனிக் கண்ணாடி எழுதித்தரக் கேளுங்கள், திரையிலிருந்து கண்ணுக்கு எத்தனை செ.மீ. என்று அளந்துகொண்டே போங்கள்.

தள்ளி உட்கார்வதில் இன்னொரு லாபம் உண்டு. சராசரிக் கண்ணால் பார்வைக் கோணத்தில் ஒரு பாகைக்குள் 60 பிக்சல் வரை பிரித்துப் பார்க்க முடியும் என்பது வழக்கமான கணக்கு. 43 அங்குல 4கே-யை 60 செ.மீ.யில் வைத்தால் பாகைக்கு 42 பிக்சல், எழுத்தின் சொரசொரப்பு தெரியும். 80 செ.மீ.க்குத் தள்ளினால் 56, ஏறக்குறைய மறைந்துவிடும்.

எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் இமைக்காமல் இருப்பது. திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது, கண் காய்கிறது. 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடி, அதாவது 6 மீட்டர், தூரத்தில் உள்ள எதையாவது 20 நொடி பாருங்கள். வெளிச்சத்தையும் குறையுங்கள், பெட்டியிலிருந்து எடுத்த புது மானிட்டர் பெரும்பாலும் கண் கூசும் அளவில்தான் இருக்கும். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள், திரையின் வெள்ளை அந்தத் தாளைப் போலவே தெரியும்வரை இறக்குங்கள். இவ்வளவுக்கும் பிறகும் இரண்டு வாரத்தில் எரிச்சல் போகாவிட்டால் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மீட்டிங்கில் என் திரையைப் பகிர்ந்தால் யாருக்கும் எழுத்து தெரியவில்லை என்கிறார்கள்.

பதில்: முழுத் திரையைப் பகிராதீர்கள். உங்கள் 83 லட்சம் பிக்சல் அவர்களுடைய லேப்டாப் திரைக்குள் சுருங்கிப் போய் நிற்கிறது. காட்ட வேண்டிய விண்டோவை மட்டும் பகிருங்கள், அதைத் திரையில் கால்வாசி அளவுக்குச் சுருக்கிக்கொண்டு பகிருங்கள். உங்களுடைய மற்ற விண்டோக்கள் வெளியே தெரியாமலும் இருக்கும்.

கேள்வி: நான் எழுதுகிறவன், பெரும்பாலும் ஒரே விண்டோதான். ஆனாலும் ஆசையாக இருக்கிறது. 43 வாங்கலாமா? ஓஎல்இடி வாங்கலாமா?

பதில்: ஒரே விண்டோவில் எழுதுகிறவருக்கு 43 தேவையில்லை, மொழிபெயர்ப்பாளருக்கு வேண்டாம் என்று நான் மேலே சொன்ன அந்த 27 அங்குல 4கே-தான் உங்களுக்குப் பொருத்தம், எழுத்தின் கூர்மைக்காக. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையில் நிறம் அபாரமாக இருக்கும், ஆனால் டாஸ்க்பார் மாதிரி மாதக்கணக்கில் ஒரே இடத்தில் அசையாமல் நிற்பவை தடம் பதித்துவிடும் ஆபத்து இருக்கிறது, சில வகைத் திரைகளில் எழுத்தோரத்தில் நிறக்கசிவும் தெரியும். நாள் முழுக்க எழுத்தோடு இருப்பவருக்கு ஐ.பி.எஸ். என்ற எல்.சி.டி. வகைத் திரையே போதும்.

ஆசை விடவில்லை என்றால், பழைய அட்டைப் பெட்டியை 95 செ.மீ. அகலம், 53 செ.மீ. உயரத்துக்கு வெட்டி மேசையில் நிறுத்தி வையுங்கள். அதற்கு முன்னால் லேப்டாப்பை வைத்துக்கொண்டு இரண்டு நாள் வேலை பாருங்கள், மேசையில் கைவைக்க இடம் மிஞ்சுகிறதா, மேல் விளிம்பைப் பார்க்கத் தலை தூக்க வேண்டியிருக்கிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.